போணிக்கு முன்னால் சொல்லக்கூடாத சொல்

இலங்கையில், பதுளை பஜாரில் எங்கள் கடையைத் திறப்பதற்கு அப்பா ஒரு முறை வைத்திருந்தார். பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாத்துவார். வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். பிள்ளையார் படத்துக்குக் கற்பூரம் காட்டுவார். அதற்குப் பிறகு அன்றைய முதல் வியாபாரம், அதாவது போணி, ஆகும்வரை கடைக்குள் யாரும் 'இல்லை' என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. சொன்னால் அன்றைக்கு லட்சுமி அந்த வாசலை மிதிக்கமாட்டாள். இது அப்பா கண்டுபிடித்த சட்டமல்ல, இந்தியாவிலிருந்து வந்து கடை வைத்த எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். மற்றவர்கள் அதை வழக்கமாக வைத்திருந்தார்கள், அப்பா வியாதியாக வைத்திருந்தார்.

பருப்பு தீர்ந்துவிட்டால், "வண்டியில வந்துக்கிட்டிருக்குங்க" என்பார். அப்போது ரயில் பதுளைக்கு வரவில்லை. பண்டாரவளையில் இறங்கும் சரக்கு மாட்டுவண்டியில்தான் வரவேண்டும். ஆகையால் அந்தப் பேச்சில் பாதியாவது உண்மையாக இருக்கும். கருவாடு தீர்ந்தால் அதுவும் வண்டியில் வந்துகொண்டிருக்கும். கம்பளி தீர்ந்தால் அதுவும் வண்டியில். எங்கள் கடையில் இருந்த சரக்கைவிட அந்த வண்டியில் இருந்த சரக்குதான் அதிகம். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். வருகிறது என்று அப்பா சொன்ன பொருள் என்றைக்காவது ஒருநாள் வந்தே தீரும். அந்த விஷயத்தில் அவர் வாக்குத் தவறாதவர்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. அங்கேயும் இதே சட்டம். பானையில் சோறு தீர்ந்தால் அம்மா, "சோறு நெறைஞ்சிருக்கு" என்று சொல்லவேண்டும். புதிதாக ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் அதை அப்படியே நம்பி, "அப்ப இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று இலையை நகர்த்தினார். அம்மா வெறும் அகப்பையோடு அவர் முன்னால் நின்றது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

இந்த வீட்டிலிருந்துதான் நான் இங்கிலீஷ் இலக்கணம் படிக்கப் போனேன்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புகளை முடித்துவிட்டு, இங்கிலீஷ் சொல்லித்தரும் மேல்பள்ளிக்குப் போன முதல் வருடம் அது. அப்பா சும்மா அனுப்பிவிடவில்லை. கொஸ்லந்தையில் கடை வைத்திருந்த என் சித்தப்பாவுக்கு ஆண் வாரிசு கிடையாது. அவர் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வருடக் கடைசியில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை வந்து பரீட்சை வைப்பார், அதில் பாஸ் பண்ணினால் படிப்பு, தவறினால் கொஸ்லந்தை என்று அண்ணனும் தம்பியும் வெற்றிலை மாற்றாத குறையாகப் பேசி முடித்திருந்தார்கள். சித்தப்பா நல்ல மனிதர்தான். ஆனால் எனக்குப் பள்ளிக்கூடம் பிடித்திருந்தது. அங்கே யாரும் என்னைப் பருப்பு அளக்கச் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக நமுனுகுல மலை தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே நான் என்னவாகவெல்லாமோ ஆகிக்கொண்டிருந்தேன். கொஸ்லந்தைக்குப் போனால் கடைக்காரனாக மட்டும்தான் ஆகலாம்.

இலக்கண வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். பிரம்பும் பொடி டப்பாவும் கையை விட்டு இறங்காது. அவர் எங்களை உயர வரிசைப்படி மூன்று பெஞ்சுகளில் உட்கார்த்தியிருந்தார். பெஞ்சை அவர் 'வாங்கு' என்பார். அவர் ஒரு கேள்வி கேட்டால் முதல் பெஞ்சுக் குள்ளர்கள் 'உண்டு' என்று பதில் சொல்லவேண்டும். நடுப் பெஞ்சு அதையே 'இல்லை' என்று மறுக்கவேண்டும். பின் பெஞ்சு நெட்டையர்கள் அதைத் திருப்பிக் கேள்வியாகக் கேட்கவேண்டும். ஆள் வளர்ந்தால் பெஞ்சு மாறும். ஆகவே ஒரு பையன் உலகத்தில் எல்லாம் உண்டு என்பானா, இல்லை என்பானா என்பது அவன் உயரத்தைப் பொறுத்திருந்தது. வருட ஆரம்பத்தில் நான் முதல் பெஞ்சில் இருந்தேன்.

பாடத்தை விடியற்காலையில் உரக்கப் படிக்கவேண்டும் என்பது வாத்தியார் கட்டளை. கடை வாசலில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து படிக்கவேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. தன் மகன் இங்கிலீஷ் படிப்பது பஜார் முழுக்கக் கேட்கவேண்டுமே!

"ஐ ஹேவ் எ கவ். ஐ ஹேவ் எ ஹவுஸ்."

"அப்படின்னா?" என்றார் அப்பா.

"என்கிட்ட மாடு இருக்கு. என்கிட்ட வீடு இருக்கு."

அப்பா கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். அடுத்து என்ன, அதற்கடுத்து என்ன என்று கேட்டார். அவனிடம் கத்தி இருக்கிறது, அவளிடம் மோதிரம் இருக்கிறது, நம்மிடம் குதிரை இருக்கிறது என்று நான் அடுக்கினேன்.

"வெள்ளைக்காரன் எப்படிப் பணக்காரனானான்னு இப்பத்தான்டா வெளங்குது" என்றார். "விடிஞ்சதும் இருக்கு, இருக்குன்னு சொல்லிக்கிட்டே எந்திரிக்கிறான். அவன் வீட்டுல லட்சுமி தங்காம வேற எங்க தங்குவா? நல்லா சத்தமாச் சொல்லு."

சொன்னேன். 'அவர்களிடம் இருக்கிறது' என்ற இடம் வந்தபோது மட்டும் அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். அவர்கள் என்றால் யார், எதிர்க்கடைக்காரனா என்று கேட்டார். யாராகவும் இருக்கலாம் என்றேன்.

"அதை மட்டும் கொஞ்சம் மெதுவாச் சொல்லு" என்றார்.

அந்த மாதம் வியாபாரம் நன்றாக நடந்தது. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறைய விழுந்ததுதான் காரணம். ஆனால் அப்பா அதை நம்பவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் மலர்ந்தது. நெய் எனக்குத் தனியாக வந்தது. நான் தின்றேன், வளர்ந்தேன். அதுதான் வினையாகிவிட்டது. வாத்தியார் என்னைச் சுவரோரம் நிறுத்தி அளந்து பார்த்து, நடுப் பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்.

மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல மூட்டைமேல் உட்கார்ந்து, "ஐ ஹேவ் நாட் எ கவ்" என்று ஆரம்பித்தேன்.

"அப்படின்னா?" என்றார் அப்பா, ஆசையாக.

பொய் சொல்லியிருக்கலாம். மாடு கன்று போட்டிருக்கிறது என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த வயதில் எனக்கு அவ்வளவு புத்தி இருக்கவில்லை. அர்த்தத்தைச் சொன்னேன். மாடு, வீடு, குதிரை, மோதிரம் எல்லாவற்றுக்கும் சொன்னேன்.

அப்பா கழற்றிய பலகைகளை எல்லாம் திரும்ப மாட்டினார். கடையை மூடினார். இருட்டுக்குள் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பலகைகளை மறுபடி கழற்றி, மறுபடி மஞ்சள் தண்ணீர் தெளித்து, அப்போதுதான் பொழுது விடிந்தது போலக் கடையைத் திறந்தார். எதிர்க்கடைக்காரர் வாசலுக்கு வந்து, "என்னங்க, யாருக்காச்சும் என்னமும் ஆயிருச்சா?" என்று விசாரித்தார். கற்பூரம் கொளுத்தி என் கையை அதன்மேல் வைத்து, எந்தப் பாஷையிலும் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டேன் என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார்.

கற்பூரச் சத்தியத்தோடு நடுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? வாத்தியார் என்னைப் பார்த்து, உன்னிடம் யானை இருக்கிறதா என்று இங்கிலீஷில் கேட்டார்.

"ஐ ஹேவ் அன் எலிஃபன்ட், சார்" என்றேன்.

வாத்தியார் பொடியை உறிஞ்சினார். "எங்கை கட்டி வைச்சிருக்கிறாய்?" என்றார் தமிழில். உன்னிடம் கப்பல் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். வால் இருக்கிறதா என்றார். அதுவும் இருக்கிறது என்றேன். அவர் சுற்றிக்கொண்டு வந்து என் பின்பக்கத்தைப் பார்த்தார். வகுப்பு உருண்டு உருண்டு சிரித்தது. அன்று எனக்கு நல்ல பூசை. அடி வலித்ததைவிட, யானையும் கப்பலும் வாலும் வைத்திருப்பவன் என்று என்னைப் பையன்கள் கூப்பிட்டதுதான் அதிகம் வலித்தது.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சொத்து சேர்ந்துகொண்டே போனது. கடைசியில் வாத்தியாரே விடியற்காலையில் குடையை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். அப்பா அப்போதுதான் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். போணி ஆகவில்லை.

"உங்கட மகனுக்கு இல்லையெண்டு சொல்ல வாய் வருகுதில்லை" என்றார் வாத்தியார். "இவ்வளவு நாளில ஒரு இல்லை கூட இல்லை. இப்பிடியெண்டால் இன்ஸ்பெக்டருக்கு முன்னால ஒண்டும் செய்யேலாது."

அப்பா காதைப் பொத்திக்கொண்டார். பிறகு பதறிப்போய் ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து வாத்தியார் கையில் திணித்து, "சாமி, மொதல்ல ஒரு சதம் காசு குடுத்து இதை வாங்கிக்கங்க, அப்புறம் என்ன வேணும்னாலும் பேசுங்க" என்று கெஞ்சினார்.

வாத்தியார் மடியைத் தடவிப் பார்த்தார். "என்னட்டைச் சில்லறை இல்லை" என்றார்.

அப்பா மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் மூச்சு வந்த பிறகு, பையனை முன்போல முதல் பெஞ்சில் போடக்கூடாதா என்று கேட்டார். அதற்கு அவன் திரும்பக் குள்ளனாகவேண்டும் என்றார் வாத்தியார். அவர் போனதும் கடையை மூடித் திறந்தோம்.

ஒருபக்கம் லட்சுமி, ஒருபக்கம் மகனின் படிப்பு. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் முகம் தெளிந்து என்னைக் கூப்பிட்டார். இன்னொரு கற்பூரம் கொளுத்திப் பழைய சத்தியத்தைத் திருத்தினார். எங்கள் கூரைக்கு அடியில் மட்டும் சொல்லக்கூடாது, வெளியே சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் சொல்லலாம். விடியற்காலைப் படிப்புக்கும் ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார்.

"எதிர்க்கடை வாசல்ல போய் நின்னு படி" என்றார். "நல்லா சத்தமா."

போனேன். போணிக்கு முன்னால் எதிர்க்கடை வாசலில் நின்று, என்னிடம் மாடு இல்லை, உன்னிடம் வீடு இல்லை, அவர்களிடம் குதிரை இல்லை என்று தெருவே அதிர இங்கிலீஷில் ஓதினேன். 'அவர்களிடம்' என்று வரும்போது எங்கள் கடையிலிருந்து அப்பா, "இன்னும் சத்தமா!" என்று கைகாட்டுவார். எதிர்க்கடைக்காரருக்கு என்னைவிட இங்கிலீஷ் குறைவு, அதாவது சுத்தமாகக் கிடையாது. தன் வாசலைத் தேடி ஒரு பிள்ளை படிக்க வருகிறதே என்று அவர் நெகிழ்ந்துபோனார். எனக்கு முறுக்குக் கொடுத்தார். "படிங்க தம்பி, உங்க நாக்குல சரஸ்வதி இருக்கா" என்றார். அந்த முறுக்கை விழுங்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் விழுங்கினேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காரியம் கெட்டது. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கூட்டம் சாமான் வாங்க இறங்கி வந்தது. ஆண்களும் பெண்களும் வெறும் சாக்குகளோடு, முன்னால் கறுப்புக் கோட்டும் குடையுமாக அவர்களை வேலை வாங்கும் கங்காணி. அவர்கள் இங்கிலீஷைக் கேட்ட இடம் ஒன்றே ஒன்றுதான். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும்போது தோட்டத்துத் துரை பேசுவதுதான் அவர்களுக்கு இங்கிலீஷ். பனி விலகாத காலையில், உரத்த குரலில் அந்தப் பாஷை காதில் விழுந்ததும் கால்கள் தாமாக நின்றன. கங்காணி குடையை மடக்கினார். எல்லோரும் எதிர்க்கடை வாசலில் எனக்கு முன்னால் வரிசையாக நின்றுவிட்டார்கள்.

நான் பயந்துபோய் இன்னும் வேகமாக ஓதினேன். அவர்கள் இன்னும் நேராக நின்றார்கள்.

கடைசியில் வரிசையில் இருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க கங்காணி, தொரையைக் காணோம்? இந்தத் தம்பியா நமக்கு வேலை பிரிக்குது?" என்று கேட்டாள். வரிசை குலைந்து சிரிப்பு கிளம்பியது. ஆனால் நின்றது நின்றாயிற்று, கடை வாசலுக்கு வந்தது வந்தாயிற்று. அத்தனை பேரும் எதிர்க்கடையிலேயே சாக்குகளை நிரப்பிக்கொண்டு போனார்கள். சேதி தோட்டத்துக்குத் தோட்டம் பரவி, இங்கிலீஷ் ஓதும் கடை எது என்று கேட்டுக்கொண்டு அடுத்த வாரம் இன்னும் பெரிய கூட்டம் வந்தது.

அப்பா எங்கள் கடைக்குள்ளிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "அவனுக்கு இல்லைங்கிறதைச் சொல்லியே..." என்று ஆரம்பித்து, தான் சொன்ன சொல் காதில் விழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். போணி ஆகியிருந்ததா என்று அவசரமாக அம்மாவைக் கேட்டார். ஆகியிருந்தது.

மறுநாள் முதல் என் இடம் நடுத்தெருவாயிற்று. எங்கள் கடையும் வேண்டாம், எதிர்க்கடையும் வேண்டாம், ரோடு கவர்மெண்டுடையது, கவர்மெண்டுக்கு இல்லை என்று ஆனால் நமக்கென்ன என்பது அப்பாவின் கணக்கு. வண்டிக்காரர்கள் என்னைத் திட்டிக்கொண்டே இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனார்கள். ஒரு மாடு ஒதுங்காமல் என் முகத்துக்கு நேரே நின்றது. நான் அதைப் பார்த்து, என்னிடம் மாடு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மாதம் பெய்த பெருமழையில் ஊருக்கு வெளியே ரோடு ஓரிடத்தில் சரிந்து விழுந்தது. அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எப்படியோ எனக்குப் பாடம் வந்துவிட்டது. யானை போயிற்று, கப்பல் போயிற்று, வால் போயிற்று. எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தயாராக இருந்தேன். வாத்தியார்கூட ஒருநாள், "இப்பத்தான் மனுசனாய் வந்திருக்கிறாய்" என்றார். நான் பாஸ் பண்ணிவிடுவேன் என்று நம்பினேன்.

இன்ஸ்பெக்டர் துரை குதிரையில் வந்து இறங்கினார். வயதானவர், சிரித்த முகம். வாத்தியாரின் மூன்று பெஞ்சு ஏற்பாடு அவருக்கு விளையாட்டுப் போலப் பிடித்துவிட்டது. தொப்பி உண்டா, உண்டு. கத்தி உண்டா, இல்லை. குதிரை உண்டா, அதைத் திருப்பிக் கேள். பெஞ்சு பெஞ்சாக வந்து நடுப் பெஞ்சில் என் முன்னால் நின்றார். என்ன கேட்கலாம் என்று யோசித்தார். நான் மிரண்டு நிற்பதைப் பார்த்துச் சுலபமாக ஒன்று கேட்போம் என்று நினைத்திருக்கவேண்டும்.

"ஹேவ் யூ எ ஃபாதர்?" என்றார்.

உனக்கு அப்பா இருக்கிறாரா? நடுப் பெஞ்சு என்ன சொல்லவேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெருவில் நின்று அத்தனை நாள் ஓதிய வாய். பாதி வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. அன்று நான் புறப்பட்டபோதும் அப்பா கடையில் போணிக்காகக் காத்துக்கொண்டிருந்தார் என்பது நினைவு வந்தது. அவருடைய பயத்தைப் பார்த்து நான் எவ்வளவு எரிச்சல்பட்டிருக்கிறேன்! அதே பயம் இப்போது எனக்கும் வந்துவிட்டது.

"ஐ ஹேவ் எ ஃபாதர்" என்றேன்.

துரை சிரித்துக்கொண்டே, மறுத்துச் சொல் என்றார். நான் மறுபடி உண்டு என்றேன். வாத்தியாரின் கண்கள் பிதுங்கின. துரை மூன்றாம் முறை கேட்டார். நான் கத்தியே சொல்லிவிட்டேன், எனக்கு அப்பா இருக்கிறார் என்று. சொல்லிவிட்டு அழுதேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு பக்கத்துப் பையனிடம் போய், உனக்கு அம்மா இருக்கிறாளா என்று கேட்டார். இல்லை என்று அவன் கணீரென்று சொன்னான். அன்று காலையில் அவன் தலையை வாரிவிட்டவளே அவன் அம்மாதான். அவன் பாஸ்.

நான் தவறிவிட்டேன். சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன்.

"எதுலடா தப்பு விட்ட?"

"அப்பா இருக்காரான்னு கேட்டாரு. இல்லாத மாதிரிச் சொல்லணும். நான் சொல்லல."

அப்பா என்னையே பார்த்தார். பிறகு உள்ளே போய், ஏற்கனவே மடித்திருந்த கம்பளிகளை எல்லாம் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். அம்மா என் சட்டைகளை மூட்டையாகக் கட்டினாள். சித்தப்பா சரக்கு எடுக்க மறுநாள் வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

விடிந்தும் விடியாமலும் சித்தப்பாவின் வண்டி வந்து நின்றது. அப்பா பலகைகளைக் கழற்றி, தண்ணீர் தெளித்து, கற்பூரம் கொளுத்தியிருந்தார். நான் மூட்டையோடு வாசலில் நின்றேன். போணிக்கு ஒரு தோட்டத்து ஆள் எண்ணெய் போத்தலோடு காத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, பய தவறிட்டானாமே?" என்றார் சித்தப்பா, வண்டியைவிட்டு இறங்காமலே. "பேசினபடி கூட்டிட்டுப் போறேன். வர்றானா?"

அப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். வந்துகொண்டிருக்கிறான் என்பார். அடுத்த வண்டியில் வருவான் என்பார். பருப்புக்கும் கருவாட்டுக்கும் சொன்னதைத்தான் எனக்கும் சொல்லப்போகிறார். வருகிறது என்று அவர் சொன்ன எதுவும் வராமல் போனதே கிடையாது. ஆகவே இன்றைக்குத் தப்பினாலும் ஒருநாள் நான் கொஸ்லந்தைக்குப் போய்ச் சேர்ந்தே தீரவேண்டும். மூட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இல்லை" என்றார்.

உள்ளே அம்மா கையிலிருந்து என்னவோ விழுந்து உருண்டது. சித்தப்பா காதில் விழாதவர் போல முன்னால் குனிந்தார்.

"இல்லைடா தம்பி. அவன் வரல. இன்னொரு வருஷம் படிக்கட்டும்" என்றார் அப்பா. பிறகு எண்ணெய் போத்தலை நீட்டிக்கொண்டு நின்ற ஆளிடம் திரும்பி, "உங்களுக்கு எவ்வளவுங்க வேணும்?" என்று கேட்டார்.

அன்று நாங்கள் கடையை மூடித் திறக்கவில்லை.